‘சோகம் 7’ஐ எழுதியவன் பேசுகிறேன்: தொடர் தயாரிப்பாளர்களுக்கும் அலைவரிசைகளுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ், மலையாளத் தொலைக்காட்சித் தொடர்களின் தயாரிப்பாளர்களுக்கும், அலைவரிசைகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும்,

சென்ற மாதம் உங்களில் ஒருவரிடமிருந்து எனக்கு ஓர் ஒப்பந்தம் வந்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அதே வாசகங்களோடு, மேலே பெயர் மட்டும் மாறி, என் நண்பர்கள் சிலருக்கும் அது வந்திருக்கிறது. ஆகவே இது ஒருவரோடு தீர்க்கிற வழக்கு அல்ல.

ஒப்பந்தம் கேட்பது இதுதான். இதுவரை நான் செய்து கொடுத்த பின்னணி இசை முழுவதையும், ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக இருக்கும் ஸ்டெம் கோப்புகளோடு சேர்த்து, ஒரே தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எந்த மொழியில், எந்தத் தொடரில், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் அவர்கள் போட்டுக்கொள்வார்கள். டைட்டில் கார்டில் பெயர் வருவது அவர்கள் விருப்பம். கடைசிப் பக்கத்தில், மற்றவற்றைவிடச் சின்ன எழுத்தில், இந்த இசையைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்குப் பயிற்சிக்காகக் கொடுக்கவும் எனக்குச் சம்மதம் என்று ஒரு வரி. பிறகு தொலைபேசியில் ஒரு தகவல்: அடுத்த ஷெட்யூலிலிருந்து பின்னணி இசைக்கென்று தனியாக ஆள் கிடையாது, ஏற்கெனவே சேர்த்துவைத்திருக்கும் ஸ்டாக் இசையிலிருந்து எடிட்டரே போட்டுக்கொள்வார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தை உங்கள் எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம். ஒரு பக்கம் வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம், இன்னொரு பக்கம் கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். இங்கே ஒரே ரிமோட்டில் மாலை மலையாளத் தொடரும் இரவு தமிழ்த் தொடரும் ஓடும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் இசையமைப்பாளருக்குத் தன் இசை கொச்சியில் எந்தத் தொடரில் ஒலிக்கிறது என்று தெரிய வாய்ப்பில்லை. கொச்சிக்காரருக்குச் சென்னை தெரியாது. எல்லையில் இருப்பவனுக்கு இரண்டு காதிலும் விழுகிறது. நீங்கள் மொழி மாற்றிப் போட்டால் யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தால், எங்கள் ஊரைக் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு துண்டு இசையின் கதையைச் சொல்கிறேன்.

ஒரு தமிழ்த் தொடரில் காட்சி. கணவனின் காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவன் நடத்திவந்த சைக்கிள் கடையை மனைவி முதல்முறையாகத் திறக்கிறாள். வசனம் கிடையாது. மாதிரிக்காகத் தற்காலிகமாகப் போட்டு அனுப்பும் டெம்ப் டிராக்கில் ஷெனாய் சுபபந்துவராளி ராகத்தில் அழுதுகொண்டிருந்தது. சாவு என்றால் நம் ஊர்த் திரையில் அதுதான் பல காலமாக வழக்கம். எனக்கு அந்தப் பெண்ணுக்கு அழுகை வரவில்லை என்று பட்டது, அவளுக்குப் பயம். ஷெனாயை எடுத்துவிட்டேன். ஷட்டர் மேலே போகும் சத்தம் நிற்கும்வரை இசையே வேண்டாம் என்று இயக்குநரிடம் வாதாடினேன், அவர் நல்ல மனிதர், ஒத்துக்கொண்டார். ஷட்டர் நின்ற பிறகு வீணையின் மிகத் தாழ்ந்த அனுமந்தரத் தந்தியில் ஒரே ஒரு ஸ்வரம். நம் தொலைக்காட்சிப் படம் நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடுகிறது. டெம்போவை நிமிடத்துக்கு 75 அடி என்று வைத்தால் ஒரு அடிக்குச் சரியாக 20 ஃப்ரேம் வரும். அவள் கடைக்குள் நடந்து வரும் நடைக்கு அது பொருந்தியது. அவள் கை கல்லாப்பெட்டியில் படும் இடத்தில் இரண்டாவது ஸ்வரம். அவ்வளவுதான் ‘மெட்டு’.

அதற்கு அடியில் ஒரு தோல்கருவி மெதுவாக வருகிறது. அது எழுபறை. எங்கள் மாவட்டத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், சுற்றிலும் மலையாளம் பேசும் ஊரில், கம்பன் பாட்டைத் தமிழிலேயே பாடித் தோல்பாவைக்கூத்து நடத்துகிறார்களே, அந்தக் கூத்துக்கு வாசிப்பது. ஒற்றப்பாலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து வாசித்தார். ஆடிக் காற்று நேரம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்றால் என்னவென்று இங்கே வந்து ஓர் இரவு படுத்தால்தான் தெரியும். ஜன்னலை எப்படி அடைத்தாலும் மைக்கில் பனை ஓலைச் சத்தம் ஏறும். காற்று அடங்குவதற்காக நடுச்சாமம்வரை அவரும் நானும் கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

இந்த இசையைப் பிறகு நான் கேட்ட இடங்கள்: ஒரு மலையாளத் தொடரில் மருமகள் பாலில் எதையோ கலக்கும் காட்சி, சுருதியை இறக்கி. ஒரு தமிழ் ரியாலிட்டி நிகழ்ச்சியில் போட்டியாளர் வெளியேறும் இடம். தெலுங்கிலிருந்து டப் செய்த ஒரு தொடரில் ஆஸ்பத்திரி வாசல். எனக்குத் தெரிந்த எடிட்டர் தம்பி ஒருவர் தன் டைம்லைனைக் காட்டினார். வீணை இருக்கும் கோப்புக்குப் பெயர் ‘சோகம் 7’. எழுபறையைத் தனியே பிரித்தெடுத்து ‘ட்ரைபல் டென்ஷன்’ என்ற ஃபோல்டரில் வைத்திருந்தார்கள். கம்பராமாயணத்துக்கு வாசிக்கிற கருவி ட்ரைபல் டென்ஷன்! எங்கும் பெரியவரின் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. அந்தத் தம்பிக்கே அது என்னுடையது என்று தெரியாது. பெங்களூரிலிருந்து வந்த ஸ்டாக் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எடிட்டர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மதியம் ஃபுட்டேஜ் கையில் கிடைத்து அன்றிரவே ஒளிபரப்பாக வேண்டும் என்றால், ஒரு மனிதர் ஃபோல்டரைத் திறந்து கைக்கு வந்ததைத்தான் இழுத்துப் போடுவார். ஒரு எபிசோடுக்கு, விளம்பரம் போக, இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் கதையில் மூச்சுவிட இடமில்லாமல் இசை வேண்டும் என்று கேட்பது நீங்கள். அந்தக் கணக்கில் இசை சுவருக்கு அடிக்கிற டிஸ்டம்பர் ஆகிவிட்டது. வாரத்தில் ஐந்தாறு நாள் வரும் தொடருக்கு ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங், பின்னணி இசைச் சேர்ப்பு) செய்ய முடியாது என்பதும் எனக்குத் தெரியும். மூட் டிராக் தொகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நானே அப்படித்தான் கொடுக்கிறேன்: அம்மா பாசத்துக்கு இத்தனை, சந்தேகத்துக்கு இத்தனை, பெண் பார்க்கும் கலகலப்புக்கு இத்தனை என்று.

அந்தத் தொழில் புதியதும் அல்ல. லண்டனில் 1909ல் தொடங்கிய டி வுல்ஃப் நிறுவனம் இன்றுவரை இப்படிப்பட்ட இசையைத்தான் விற்கிறது. மௌனப்படக் காலத்திலேயே, 1924ல், நியூயார்க்கில் எர்னோ ராப்பே என்பவர் பியானோக்காரர்களுக்காக மனநிலை வாரியாகப் பிரித்து ஒரு பெரிய தொகுப்பே வெளியிட்டார். துரத்தலுக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று. ஆனால் அங்கே ஒரு பழக்கம் சேர்ந்தே வளர்ந்தது. நிகழ்ச்சி ஒளிபரப்பானால் ஒரு கியூ ஷீட் எழுதுவார்கள். எந்த நிகழ்ச்சி, எந்த எபிசோட், எந்தத் தேதி, எந்த இசை, எழுதியவர் யார், எத்தனை விநாடி. அந்தத் தாள் உரிமைச் சங்கத்துக்குப் போகும். அதை வைத்துத்தான் எழுதியவருக்குப் பணம் வரும். நீங்கள் தொகுப்பை எடுத்துக்கொண்டீர்கள், தாளை விட்டுவிட்டீர்கள்.

“அதான் காசு கொடுத்துட்டோமே” என்பது நான் அதிகம் கேட்ட பதில். பதிப்புரிமைச் சட்டத்தை நான் படித்திருக்கிறேன். உங்கள் வக்கீல்களும் படித்திருப்பார்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் இசைப் படைப்பு என்பதற்குச் சொற்கள் தேவையே இல்லை. பாடலாசிரியர் இல்லாத வெறும் வாத்திய இசையும் முழுமையான படைப்புதான், அதன் ஆசிரியர் அதை அமைத்தவர்தான். 2012 ஜூன் 21 முதல் நடப்பில் இருக்கும் திருத்தத்தின்படி, படத்தில் சேர்க்கப்பட்ட இசையை உரிமை மாற்றிக் கொடுத்தாலும், திரையரங்கில் அந்தப் படத்தோடு காட்டுவது தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை இசையமைப்பாளர் விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுகளுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றலாம். அதற்கு மாறாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்று 18ஆம் பிரிவே சொல்கிறது. சட்டம் ‘படம்’ என்று சொல்வதில் ஒலியோடு சேர்ந்த எந்தக் காட்சிப் பதிவும் அடங்கும். உங்கள் தொடர் திரையரங்கில் ஓடுவதில்லை. அப்படியானால் எந்தப் பக்கம் விழும் என்று நீங்களே பாருங்கள்.

19ஆம் பிரிவு இன்னும் எளிமையானது. எழுத்தில் இல்லாத, கையெழுத்து இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, அதற்குமேல் இல்லை. நமக்குள் இதுவரை இருந்த ஒப்பந்தம் என்ன? வாட்ஸ்அப்பில் “பிரதர், பத்து மூட் அர்ஜென்ட்” என்று ஒரு செய்தி, நான் அனுப்பிய டிரைவ் லிங்க், சில வாரம் கழித்து ஜிபேயில் ஒரு தொகை. அதில் எங்கே உரிமை கைமாறியது?

இங்கேதான் புதிய ஒப்பந்தத்தின் அவசரம் புரிகிறது. ஒப்பந்தம் செய்த காலத்தில் இல்லாத அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கோ பயன்பாட்டு முறைக்கோ, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலொழிய, உரிமை போய்ச் சேராது என்றும் அதே 18ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய கோப்புகளை மென்பொருளுக்கு ஊட்ட வேண்டுமானால் எங்கள் புதுக் கையெழுத்து வேண்டும் என்று உங்கள் வக்கீல் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம். இல்லையென்றால், இத்தனை வருடம் காகிதமே கேட்காதவர்கள் திடீரென்று கேட்பானேன்? ஸ்டெம் எதற்கு? கலந்து முடித்த இசையைவிடத் தனித்தனி வீணை, தனித்தனி எழுபறைதான் கற்றுக்கொடுக்க வசதி.

மென்பொருள்மீது எனக்குக் குலப்பகை இல்லை. நானும் கணினியில்தான் வேலை செய்கிறேன். என் இசையில் வரும் தந்தி வாத்திய ஒலிகளில் பாதி, முன்பே பதிந்துவைத்த சாம்பிள்கள்தான், அவற்றை வாசித்தவர்களுக்கு விலை கொடுத்து வாங்கியவை. அனுமதியோடு செய்ய முடியும் என்பதற்கு உதாரணமும் நம்மிடமே உண்டு. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் மென்பொருளால் மீட்டுப் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக ஏ.ஆர். ரகுமான் 2024 தொடக்கத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவில் பெரிய இசை நிறுவனங்கள், கேட்காமல் தங்கள் பதிவுகளைப் பயிற்சிக்கு எடுத்தார்கள் என்று செயற்கை நுண்ணறிவால் இசை உருவாக்கும் சூனோ, யூடியோ நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டன. பெரிய கம்பெனிகள் தங்கள் சொத்துக்குக் கேட்டுவிட்டுத் தொடு என்கின்றன. அதை ஒற்றப்பாலத்துப் பெரியவர் கேட்டால் மட்டும் ஏன் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது? அவர் கேட்கவில்லை, சரி. அவருக்கு இப்படி ஒரு வரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது என்றே தெரியாது. அவர் சார்பில் கையெழுத்துப் போட எனக்கு என்ன அதிகாரம்?

இன்னொன்று, சட்டத்தில் இல்லாதது. பின்னணி இசை என்பது காட்சிக்குள் இருக்கும் குரல்களுக்கு வழிவிட்டு எழுதுவது. வசனத்தின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பது பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் பகுதியால். கதாநாயகி கீச்சுக்குரலில் பேசுபவர் என்றால் அந்தக் காட்சியில் வயலினை மேல் ஸ்தாயியில் ஓடவிட மாட்டேன். செல்லோ, வீணை என்று கீழே இறங்கிவிடுவேன். மாமனாராக வருபவர் கரகரத்த குரல்காரர் என்றால் மேலே புல்லாங்குழலுக்கு இடம் உண்டு. ஸ்டாக்கிலிருந்து இழுத்துப் போடும்போது இந்தக் கணக்கு எதுவும் இல்லை. அதனால்தான் உங்கள் நேயர்கள் ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் தெருவில் என் தொழில் தெரிந்த அக்கா ஒருவர் என்னிடமே கேட்டார், “ஏன் தம்பி, பேசறதே கேக்காத மாதிரி மியூசிக் போடறீங்க?” அந்தத் தொடருக்கு நான் இசையமைக்கவில்லை. இருந்தாலும் ஏச்சு எனக்குத்தான்.

இந்த மண்ணுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது என்பதையும் நினைவுபடுத்துகிறேன். எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி இங்கிருந்து பக்கம்தான். ஆந்திரச் சித்தூரில் பிறந்த எம்.பி. சீனிவாசன், தமிழராக இருந்து மலையாளப் படங்களுக்கே அதிகம் இசையமைத்தவர், சென்னையில் திரை இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். மலையாள இசையமைப்பாளர் ஜான்சன் மாஸ்டரின் பின்னணி இசையைப் பாட்டே இல்லாமல் முணுமுணுக்கிறவர்கள் இங்கே டீக்கடையில் உண்டு. 2009ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் பின்னணி இசைக்கென்றே இளையராஜாவுக்குக் கொடுத்தார்கள். தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர் ஒருவருக்கு, ஒரு மலையாளப் படத்துக்காக. நாடு தனி விருது வைத்து மதிக்கிற வேலைக்கு உங்கள் டைட்டில் கார்டில் ஒரு வரி இடமில்லை. சாப்பாடு சப்ளை செய்தவர் பெயர் வருகிறது. வரட்டும், அவரும் உழைத்தவர். அதற்குக் கீழே எங்களுக்கும் இடம் இருக்கும்.

இனி நான் கேட்பவை.

செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குச் சம்மதம் என்ற வரியை எல்லா ஒப்பந்தங்களிலிருந்தும் நீக்குங்கள். வேண்டுமென்றால் அதற்குத் தனி ஒப்பந்தம், தனித் தொகை, மறுக்கும் உரிமையோடு கொண்டு வாருங்கள். மறுத்தவருக்கு அடுத்த வேலை போகாது என்ற மறைமுகப் பேச்சு இல்லாமல். வாத்தியம் வாசித்தவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும், அவருக்குத் தெரிந்த மொழியில். ஏற்கெனவே யாருடைய ஸ்டெம்களையாவது அப்படிக் கொடுத்திருந்தால், எவற்றை, யாருக்கு என்று உரியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒளிபரப்பாகும் ஒவ்வொரு எபிசோடுக்கும் கியூ ஷீட் எழுதுங்கள். 1969ல் தொடங்கி, சட்டத் திருத்தத்துக்குப் பின் 2017ல் மறுபடி பதிவு பெற்ற நம் நாட்டு இசை உரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். அதை வாங்கிக்கொள்ள இருக்கிறது. அலைவரிசைப் பொறுப்பாளர்களிடம் குறிப்பாகக் கேட்கிறேன்: டேப் வாங்கும்போது தணிக்கைக் குறிப்பு, விளம்பர இடைவெளிக் குறிப்பு எல்லாம் கேட்டு வாங்குகிறீர்கள். கியூ ஷீட் இல்லாமல் எபிசோடை வாங்குவதில்லை என்று ஒரு விதி போட்டால் போதும், தயாரிப்பாளர்கள் மறுநாளே எழுதத் தொடங்கிவிடுவார்கள். டப்பிங் ஆகி வேறு மொழிக்குப் போகும்போதும் அதே தாள் கூடவே போகட்டும்.

உங்கள் சர்வரில் இருக்கும் கோப்புகளுக்கு அமைத்தவர் பெயரையும் வாசித்தவர் பெயரையும் சேருங்கள். ‘சோகம் 7’ என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், பின்னால் ஓர் அடிக்கோடு போட்டு எங்கள் பெயர். தான் அமைத்த இசைக்குத் தன் பெயரைக் கோருவது, உரிமையை விற்ற பிறகும் ஆசிரியருக்கு உண்டு என்று 57ஆம் பிரிவு சொல்கிறது. டைட்டில் கார்டிலும் அதைச் செய்யுங்கள்.

தொடருக்கு ஒரு பின்னணி இசையமைப்பாளராவது இருக்கட்டும். தினமும் புதிதாக எழுத வேண்டாம். வாரத்துக்கு ஒரு முக்கியக் காட்சியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். மீதியை அவர் தன் தொகுப்பிலிருந்து தானே தேர்ந்தெடுத்துக் கொடுப்பார், எடிட்டருக்கும் ஓர் இரவு தூக்கம் மிஞ்சும்.

இந்த மடல் வெளியான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். ஆம் என்றாலும் இல்லை என்றாலும், தொலைபேசியில் வேண்டாம். எழுத்தில், கையெழுத்தோடு அனுப்புங்கள். பதில் வராவிட்டால், இரண்டு மொழித் தொடர்களிலும் நாங்கள் அடையாளம் கண்டு, தேதியோடும் நேரத்தோடும் எழுதிவைத்திருக்கும் பட்டியலை உரிமைச் சங்கத்திடம் கொடுப்போம்.

இப்படிக்கு,
ஒரு பின்னணி இசையமைப்பாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.